கூதிர்காலக் கூடாரமும் தீப்பெட்டிச் சிக்கலும்: ஓர் ஆய்வு

மலையில் கூடாரம் அடித்து இரண்டு நாள் அமைதியாகத் தங்கத் திட்டமிடுதல் முதல், கரு, உரி என மூவகைப்படும். பயணம் நடப்பதும் நடவாததும் இதன் இலக்கணத்தைப் பாதிப்பதில்லை.

முதற்பொருளாவது நிலமும் பொழுதும். பொழுதில் ஐயமில்லை. குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் பெரும்பொழுது, யாமம் சிறுபொழுது எனத் தொல்காப்பியம் வகுத்துவிட்டது. கூதிராவது ஐப்பசியும் கார்த்திகையும். தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியைத் தரும் வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான் வருகிறது. எனவே மலைக்கு உரிய காலமும் மலைப்பக்கம் தலைவைக்கக் கூடாத காலமும் ஒன்றே என்பது பெறப்படும். சங்கத் தலைவன் நள்ளிரவில் நனைந்துகொண்டு மலை ஏறியதற்கு ஒரு காரணம் இருந்தது. வாட்ஸாப் குழுவினருக்கு இருப்பது சனி, ஞாயிறோடு ஒட்டி வந்த ஒரு நாள் லீவு.

நிலம் கொல்லிமலை எனக் கொள்க. நாமக்கல் மாவட்டம் காரவள்ளியிலிருந்து மேலேறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இது வல்வில் ஓரியின் மலை. அவன் விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் துளைத்தது என்பது புறநானூற்றுச் செய்தி. ஐந்து விலங்குகள் ஒரே நேரத்தில் ஒரே வரிசையில் வந்து நின்றதற்கு இவ்வாறு சான்று உண்டு. ஆறு நண்பர்கள் ஒரே சனிக்கிழமையில் வந்து நின்றதற்கு இல்லை. காப்புக்காட்டில் வனத்துறை அனுமதியின்றித் தங்கலாகாது. ஆதலால் கூடாரம் தனியார் மிளகுத் தோட்டத்தில், கழிப்பறைக்கு எட்டிய தூரத்தில் அடிக்கப்படும்.

கருப்பொருள் பலவாம். தெய்வம் கூகுள் மேப், சிக்னல் உள்ள மட்டும். மரம் சில்வர் ஓக். விலங்கு குரங்கு. பறை புளூடூத் ஸ்பீக்கர், யாழும் அதுவே. பறவை காணப்படவில்லை, காரணம் பறை. அமைதி என்பது பறையின் சார்ஜ் தீர்ந்தபின் நிகழ்வது.

உணவு, முதல் நாள் புளிச்சோறு, மறுநாள் மேகி. இவ்விடத்தில்தான் ஆய்வுலகம் இதுகாறும் புறக்கணித்த தீப்பெட்டிச் சிக்கல் எழுகிறது.

அரிசி, வெங்காயம், தார்ப்பாய், மாத்திரை எல்லாம் பட்டியலில் ஆளுக்கொன்றாகப் பிரிக்கப்படும். தீப்பெட்டி மட்டும் எவர் பெயரிலும் எழுதப்படாது. விலை காரணமன்று. 14 ஆண்டுகள் ஒரு ரூபாய்க்கு விற்ற பெட்டி 2021 டிசம்பர் முதல் தேதி இரண்டு ரூபாயானது; அதற்கு முன்பும் யாரும் கொண்டுவரவில்லை. உண்மைக் காரணம் இல்லறவியல் சார்ந்தது. ஆறு பேரும் சிகரெட்டை விட்டுவிட்டதாக அவரவர் வீட்டில் அறிவிப்பு உள்ளது. மனைவியின் கண்முன்னே பையில் தீப்பெட்டி எடுத்து வைப்பவர் தமக்கு எதிரான ஆவணத்தைத் தாமே பதிப்பிக்கிறார்.

எனவே சேந்தமங்கலத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்ற கோட்பாடு தோன்றியது (பின்னிருக்கை, வாய்மொழி). சேந்தமங்கலத்தில் வண்டி நின்றது. டீயும் முறுக்கும் வாங்கப்பட்டன. செம்மேட்டில் கிடைக்கும் என்று கோட்பாடு திருத்தப்பட்டது (அதே பின்னிருக்கை, 43ஆம் வளைவு, வாந்திக்கு முந்தைய நிலை). இதற்கு மறுப்பும் உண்டு (முன்னிருக்கை, 44ஆம் வளைவு, ஜன்னலுக்கு வெளியே தலை நீட்டியபடி, காற்றில் சிதைந்த பாடம், முழு வடிவத்துக்குக் காண்க: அவர் குழுவில் போட்டு உடனே அழித்த குரல்பதிவு, குறிப்பாகப் பின்னணியில் ஹாரன்). இவ்விவாதத்தில் கலந்துகொண்ட எவர் கையிலும் தீப்பெட்டி இருந்ததில்லை. பன்னாட்டுக் கருத்தரங்கில் கட்டுரை வழங்க அத்தகுதியே போதும். பதிவுக்கட்டணம் கட்டியிருந்தால் கட்டுரையும் வேண்டியதில்லை.

அரிதாக ஒருவர் பூஜையறையிலிருந்து ஒன்றைக் கடத்தி வருவதுண்டு. அது பையின் பக்கவாட்டு உறையில், மூடி சரியாகத் திருகாத தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் பயணம் செய்யும். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் பெட்டியின் பட்டையில் சிவப்புப் பாஸ்பரசும் உள்ளன. இரண்டும் உலர்ந்து உரசினால்தான் தீ. ஈரத்தில் ஊறிய தலை பட்டையில் சேறாக ஈஷிக்கொள்ளும். அடுத்த குச்சி பட்டையையே உரித்துவரும். மூன்றாவதைத் தலைமுடியில் தேய்த்துப் பார்ப்பர். எண்ணெய் தேய்த்த தலையா, வறண்ட தலையா என உரை வேறுபடும்.

சிவகாசி, கோவில்பட்டி வட்டாரத்தில் இத்தொழில் வேரூன்றியதற்கு அங்குள்ள வறண்ட வானிலையும் ஒரு காரணம். அம்மண்ணில் பிறந்த பொருளை ஐப்பசி மழையில் கொல்லிமலைக்கு ஏற்றுவது பாலையின் கருப்பொருளைக் குறிஞ்சிக்குக் கொணர்வதாகும். இலக்கணிகள் இதைத் திணைமயக்கம் என்பர். பசித்தவர் வேறு சொல்வர். யாமத்தில் யாரேனும் ஒருவரின் ஜீன்ஸ் பையிலிருந்து லைட்டர் வெளிப்படுவதோடு சிக்கல் தீர்கிறது. அதைக் கூடாரத்துக்குள் கண்டெடுத்ததாகவே அவர் சாதிப்பார். அகழாய்வில் பொருள் கிடைத்த அடுக்கைப் பற்றி மற்ற ஐவரும் கேள்வி எழுப்புவதில்லை.

எஞ்சியது உரிப்பொருள். குறிஞ்சிக்குப் புணர்தல் ஒன்றே உரியதென்பது நூல்வழக்கு. திட்டமிடுதலிலோ ஐந்திணை ஒழுக்கமும் ஒரே குழுவில் முறையே நிகழும். புணர்தல், குழு தொடங்கிய இரவில். அன்று பன்னிரண்டு பேர். பிரிதல், முன்பணம் கேட்ட மறுநாள். இருத்தல், சனிக்கிழமை விடியலில் நாமக்கல் பேருந்து நிலையத்தில், "கிளம்பிட்டேன்டா" என்று படுக்கையிலிருந்து பேசுபவருக்காக. ஊடல், முன்சீட்டு பற்றியது. இரங்கல், நனைந்த தார்ப்பாயை மடித்துக்கொண்டு ஞாயிறு மாலை இறங்குவோர்க்கு உரியது. முன்பணத்தைக் கட்டிவிட்டு வீட்டிலேயே இருந்தவர்க்கு உரியது என்பாரும் உளர்.