பன்னாடை இயல்

பாயிரம்

பவணந்தி முனிவர் நன்னூலில் மாணாக்கரை மூன்று தரமாகப் பிரித்தார். அன்னமும் பசுவும் தலை. மண்ணும் கிளியும் இடை. ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகிய நான்கும் கடை. நெய்யரி என்பது பன்னாடை. நெய்யைக் கீழே ஒழுகவிட்டுக் கசடைப் பத்திரமாகப் பிடித்துவைத்துக்கொள்வது அதன் குணம். அந்தச் சொல் இன்றும் வசவாகப் புழங்குவதை வகுப்பறையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்த எவரும் அறிவர். நூற்றாண்டுக் கணக்கில் சுமந்துவரும் இந்தப் பழியைத் துடைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். சான்று ஓலைச்சுவடியில் கிடைக்கவில்லை. அமெரிக்கச் சீட்டாட்டம் ஒன்றில் கிடைத்தது.

ஆய்வுக்களம்

கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கி, 1993-இல் விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் வெளியிட்ட ஆட்டம் மேஜிக்: த கேதரிங். ரம்மிபோல் எல்லாருக்கும் பொதுவான கட்டு இதில் கிடையாது. ஆளாளுக்குச் சொந்தக் கட்டு. அந்தக் கட்டை ஆட்டத்துக்கு முன் அங்கேயே பொறுக்கிச் சேர்க்கும் முறைக்கு டிராஃப்ட் என்று பெயர். மேசையைச் சுற்றி எட்டுப் பேர். ஆளுக்கு மூன்று பாக்கெட், 2024-க்கு முன் பாக்கெட்டுக்கு 15 சீட்டு. பிரித்து, ஒன்றை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் பக்கத்து ஆளிடம் தள்ள வேண்டும். கல்யாணப் பந்தியின் பாயச வாளிதான்: முந்தினவருக்கு முந்திரி, பிந்தினவருக்கு வெறும் ஜவ்வரிசி. பொறுக்கியதோடு நிலச்சீட்டு சேர்த்து, குறைந்தது 40 சீட்டுக் கட்டாக்கி மோத வேண்டும். ஆளுக்கு 20 உயிர்ப்புள்ளி.

முன்னோர் கொள்கை

எதை முதலில் எடுப்பது என்பதற்கு 'பிரெட்' என்றொரு பழைய சூத்திரம் உண்டு. ஐந்து ஆங்கில எழுத்து, ஐந்து படி. ஒற்றைச் சீட்டாகவே ஆட்டத்தை வெல்லும் குண்டுகள் முதல் படி. எதிராளியின் பூதங்களை ஒழிப்பவை இரண்டாவது. தடுக்க முடியாமல் நழுவுபவை மூன்றாவது. அடித்து நொறுக்குபவை நான்காவது. கடைசி எழுத்துக்குக் குப்பை என்று பொருள். பாலை எடுத்து நீரை விடும் அன்னத்துக்கு எழுதிய சூத்திரம் இது. ரொட்டியை மேலிருந்துதான் தின்ன வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது என்று கேட்டவரே நம் ஆய்வின் நாயகர்.

கருதுகோள்

2011 செப்டம்பர் கடைசியில் இன்னிஸ்ட்ராட் என்ற தொகுதி வெளியானது. பேய், பிசாசு, ஓநாய் மனிதன், ரத்தக்காட்டேரி எல்லாம் குடியிருக்கும் ஊர். அதில் ஸ்பைடர் ஸ்பானிங் என்றொரு சீட்டு. உங்கள் கிரேவ்யார்டில், அதாவது செலவான சீட்டுகள் கிடக்கும் சுடுகாட்டில், எத்தனை உயிரினச் சீட்டு உண்டோ அத்தனை சிலந்தி பிறக்கும். சுடுகாடு காலியென்றால் சிலந்தியும் இல்லை. செலவோ ஐந்து மானா, அதாவது நிலச்சீட்டு தரும் சக்தி. அன்னங்கள் அதைப் பார்த்ததும் அடுத்த ஆளிடம் தள்ளின.

பன்னாடை தள்ளவில்லை. எதிராளி கொன்று சுடுகாட்டை நிரப்பும்வரை காத்திருப்பானேன், நானே என் கட்டை அதில் கொட்டினால் என்ன என்று அது யோசித்தது.

சொல்லாராய்ச்சி

கட்டிலிருந்து சீட்டை நேரே சுடுகாட்டில் தள்ளுவதற்கு 'மில்' என்று பெயர். 1994-இல் வந்த மில்ஸ்டோன், அதாவது எந்திரக்கல், என்ற சீட்டிலிருந்து ஆட்டக்காரர் வாயில் பிறந்த சொல் இது. விதிப்புத்தகத்தில் ஏற 2020 வரை காத்திருந்தது. வெற்றுக் கட்டிலிருந்து சீட்டு எடுக்க நேர்ந்தவர் தோற்பார் என்பது விதி. ஆகவே அடுத்தவன் கட்டை அரைப்பது உலக வழக்கு. தன் கட்டையே அரைப்பது பன்னாடை வழக்கு. இங்கே நன்னூலின் இன்னொரு கடைமாணாக்கரான ஓட்டைக்குடமும் வந்து கைகோப்பதைக் காண்க.

செயல்முறை

மல்ச் என்ற சீட்டு மேலிருந்து நான்கைத் திருப்பும். நிலம் கைக்கு வரும், மற்றவை சுடுகாட்டுக்குப் போகும். ஆர்மர்டு ஸ்காப் களமிறங்கும்போது இன்னும் நான்கு சரியும். அருமையான பூதமொன்று ஆடாமலே குழிக்குள் போவதைப் பார்த்து எதிராளி உச்சுக்கொட்டுவார். கொட்டட்டும். சில சுற்றில் பத்து உயிரினம் கீழே சேர்ந்தபின் ஸ்பைடர் ஸ்பானிங் இறங்கும்: பத்துச் சிலந்தி. அத்தோடு விடாது. அதற்கு ஃப்ளாஷ்பேக் உண்டு. தமிழ்ப்பட ரசிகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை: செத்த பாத்திரம் திரும்ப வந்து பாக்கி வேலையை முடித்துவிட்டுப் போகும். ஏழு மானாவுக்கு மறுபடி பத்து. உச்சுக்கொட்டியவர் இப்போது விரல்விட்டு எண்ணுவார்.

தடையும் விடையும்

தன் கட்டையே கரைத்தால் அது தீர்ந்து தோற்பாரன்றோ எனின், தோற்கார். மெமரீஸ் ஜர்னி மூன்று சீட்டு வரை சுடுகாட்டிலிருந்து எழுப்பிக் கட்டில் கலக்கும்; அதற்கும் ஃப்ளாஷ்பேக் உண்டு. ஃப்ளாஷ்பேக் முடிந்து ஊரைவிட்டே போன சீட்டை ரூனிக் ரெப்பிடிஷன் கைக்கு மீட்கும். இது அதை எழுப்ப, அது இதை மீட்க, கட்டு தீர்வதேயில்லை.

சிலந்தி வரும்வரை உயிர் தாங்குமோ எனின், தாங்கும். நா டு த போன் என்ற சீட்டு சுடுகாட்டின் ஒவ்வோர் உயிரினத்துக்கும் இரண்டு புள்ளி தரும். பத்துப் பிணத்துக்கு இருபது. ஃப்ளாஷ்பேக்கில் இன்னோர் இருபது.

இத்தனையும் கைக்கு வருமோ எனின், அதுதான் இக்கொள்கையின் அழகு. எட்டுப் பேர் மேசையில் நீங்கள் முதலில் பிரித்த 15 சீட்டுப் பாக்கெட் ஒன்பதாம் முறை ஏழு சீட்டோடு உங்களிடமே திரும்பும். அன்னம் அப்போது பெருமூச்சு விடும்; பன்னாடை அப்போதுதான் நிமிர்ந்து உட்காரும். மேலும், மேஜிக்கில் இருபுறமும் முகமுள்ள சீட்டுகள் முதன்முதலில் வந்தது இன்னிஸ்ட்ராடில்தான். முதுகு இல்லாததால் மறைக்க வழியில்லை. ஓநாய் மனிதனை எடுத்தவர் யார் என்பது மேசைக்கே தெரியும். மல்ச் எடுத்தவரைக் கேட்க நாதியில்லை.

கள ஆய்வு

கொள்கையை மெய்ப்பிக்க, நண்பர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இக்கட்டுரையாளர் டிராஃப்டுக்கு உட்கார்ந்தார். முதல் பாக்கெட்டிலேயே ஸ்பைடர் ஸ்பானிங். மல்ச் எப்படியும் திரும்பி வரும் என்று மேதைமையோடு தள்ளிவிட்டார். ஒன்பதாம் முறை பாக்கெட் திரும்பியது, மல்ச் இல்லை. நா டு த போனும் இல்லை. நிமிர்ந்து பார்த்தால் எதிரே இருந்தவர் மேற்கூரையைப் பார்த்தார். இடப்பக்கத்தவர் தேவையில்லாமல் தண்ணீர் குடித்தார். அந்த மேசையில் பன்னாடைகள் குறைந்தது மூன்று என்பது அக்கணமே நிறுவப்பட்டது.

கடைசியில் கட்டுரையாளரிடம் ஓட்டை இருந்தது, சிலந்தி இல்லை. ஸ்பைடர் ஸ்பானிங் வந்த நேரத்தில் சுடுகாட்டில் இரண்டே உயிரினம். மெமரீஸ் ஜர்னி அவர் கண்ணிலேயே படவில்லை. எதிராளி பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. கட்டு தானே தீர்ந்தது.

முடிவு

கசடுக்கு என்று தனியாக ஒரு விலை கிடையாது. வேண்டாம் என்று தள்ளுகிற ஏழு பேர்தான் அதன் விலை. மூன்று பேர் கைநீட்டிய கணமே அது நெய்யாகிவிடுகிறது, நெய் கேட்பாரற்று ஒழுகுகிறது. பவணந்தியார் மீது பிழையில்லை என்றே ஆய்வு முடிகிறது.

அன்று வென்றது, முதல்முறையாக ஆட வந்த கல்லூரிப் பையன். பிரெட்டும் அறியான், பன்னாடையும் அறியான். கண்ணுக்கு நல்லதாகப் பட்டதை எடுத்தான். வலப்பக்கம் உட்கார்ந்திருந்தவன், கிளம்பும்போது உண்மையான அக்கறையோடு கேட்டான்: "அண்ணே, ரெண்டாவது பாக்கெட்ல அவ்வளவு நல்ல கார்டையெல்லாம் ஏன் எனக்கே தள்ளிவிட்டீங்க?"