காமிராவும் சட்டமும்

கேள்வி: போதை வஸ்துக்கள் மனத்தில் எழுப்பும் மாயக் காட்சிகளைச் சினிமாவில் காட்ட முடியுமா?

பதில்: எல்.எஸ்.டி.யை முதன்முதலில் தயாரித்த ஸ்விட்ஸர்லாந்தின் ஸாண்டோஸ் மருந்துக் கம்பெனியே ஆதரவளிக்க, மெஸ்கலினை உட்கொண்டு தம் சித்தத்தின் விசித்திரங்களை எழுதிவைத்திருந்த கவிஞர் ஹென்றி மிஷோ, எரிக் துவிவியே என்னும் டைரக்டரோடு சேர்ந்து 1963-இல் ஒரு படம் எடுத்துப் பார்த்து, அக்காட்சிகளின் வேகத்துக்குக் காமிரா ஈடாகாது என்று தாமே ஒப்புக்கொண்டார். காமிரா தோற்ற இடத்தில் சட்டமாவது ஜயித்ததா என்றால், அதுவும் இல்லை. 1971-ஆம் வருஷத்து ஐக்கிய நாடுகள் ஒப்பந்தம் இவ்விரு வஸ்துக்களையும் மிகக் கடுமையான முதல் அட்டவணையில் சேர்த்தபின், ரகசியமாக உட்கொள்வோர் இருந்துகொண்டேயிருக்க, மனநோய்க்கு ஔஷதமாகுமா என்று பரீட்சித்த வைத்தியர்களின் ஆராய்ச்சியே பல்லாண்டுகள் முடங்கிக் கிடந்தது. அபாயமுள்ள பொருளுக்குக் காவல் அவசியந்தான். ஆனால் அறிவை வெளியே நிறுத்திவிட்டு அறியாமையை உள்ளே விடுவது காவல் ஆகாது.