ஐந்தாண்டுக்கு ஒருமுறை சமத்துவம்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவன்,
தூத்துக்குடி.

பெறுநர்:
முன்னாள் படைவீரர் நலத் துறை,
பாதுகாப்பு அமைச்சகம், புதுதில்லி.

பொருள்: ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம் – நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

பார்வை: 1973 முதல் தாங்கள் எழுதிய, எழுதாமல் விட்ட கடிதங்கள் அனைத்தும்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் துறைக்கு எல்லோரும் மனு அனுப்புகிறார்கள், இல்லையென்றால் வழக்குப் போடுகிறார்கள். நன்றி சொல்லி ஒரு கடிதமாவது கோப்பில் இருக்கட்டுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் முத்துக்குப் பேர் போனது. குளித்தெடுத்த முத்தைப் பித்தளைச் சல்லடைகளில் சலித்து அளவு பிரிப்பார்கள். உருட்சியும் ஒளியும் குறையில்லாமல் இருந்தால் ஆணி முத்து. கடைசியில் நிற்பது தூள். கரையில் உட்கார்ந்து இத்தனை தரம் பிரித்த கெட்டிக்கார வியாபாரிகளுக்குக்கூட ஒரு யோசனை தோன்றவில்லை: எந்த வருஷம் கடலை விட்டு வெளியே வந்தது என்று பார்த்து முத்துக்கு விலை வைப்பது. அந்தச் சல்லடையைக் கண்டுபிடித்த பெருமை தங்களுடையது. ஒரே ரெஜிமென்ட், சட்டைக்கையில் அதே மூன்று பட்டை, அதே சர்வீஸ். ஒருவர் 1995-இல் வெளியே வந்தார், இன்னொருவர் 2013-இல் வந்தார். முந்தி வந்தவருக்கு ஓய்வூதியம் கம்மியாக இருந்தது. இதில் மூத்தவருக்கு மரியாதை எங்கே என்று சிலர் கேட்டார்கள். விவரம் தெரியாதவர்கள்.

1973-இல் இரண்டு காரியங்கள் நடந்தன. இங்கே தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் சிப்பிக்குள் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். அங்கே தில்லியில் மூன்றாவது ஊதியக் குழுவை ஒட்டி எங்கள் ஓய்வூதியக் கணக்கு மாறியது. அதற்கு முன்னால் ஜவானுக்குக் கடைசிச் சம்பளத்தில் எழுபது சதவீதம் கிடைத்தது, பிறகு ஐம்பதாகிவிட்டது என்று எங்கள் பெரியவர்கள் இன்றைக்கும் விரல் மடக்கிச் சொல்வார்கள். விஞ்ஞானிகள் இல்லாததை உண்டாக்கினார்கள், தாங்கள் இருந்ததை இல்லாமல் ஆக்கினீர்கள். இரண்டுமே சாதனைதான்.

அரசு ஆபீசில் உட்கார்ந்து அறுபது வயதுவரை சம்பளம் வாங்கியவர் இதைக் கேட்பதில்லையே, நீங்கள் மட்டும் ஏன் இப்படி அடம் பிடிக்கிறீர்கள் என்று வெளியில் கேட்பார்கள். அவர்களுக்குத் தாங்கள்தான் விளக்கவேண்டும். ஜவானை முப்பத்தைந்து, நாற்பது வயதிலேயே சால்வை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறீர்கள். படை இளமையாக இருக்கவேண்டும், நியாயம். ஆனால் அந்த வயதில் மூத்த பிள்ளை எட்டாங்கிளாஸ் படிக்கும், வீட்டுக்கடன் அப்போதுதான் தொடங்கியிருக்கும். அதற்குப் பிறகு மூன்று, நான்கு ஊதியக் குழுக்கள் வந்து போகும். ஒவ்வொன்றும் வேலையில் இருப்பவனைத் தூக்கிவிடும், வெளியே நிற்பவன் பின்தங்கிக்கொண்டே போவான். அதனால்தான் எங்கள் ஆட்களில் பலர் ஏ.டி.எம். வாசலிலும் குடோன் கேட்டிலும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லையைக் காத்தவன் ஏ.டி.எம். காக்கமாட்டானா என்று தாங்கள் நினைத்திருந்தால் அந்த நம்பிக்கைக்கும் நன்றி.

2011-இல் பகத்சிங் கோஷியாரி தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு விஷயத்தை நாலு வரியில் முடித்தது: ஒரே பதவி, ஒரே சர்வீஸ் காலம் என்றால் எப்போது ஓய்வுபெற்றாலும் ஒரே ஓய்வூதியம், பின்னால் வரும் உயர்வு பழையவர்களுக்கும் தானாகவே சேரவேண்டும். 2014 பிப்ரவரியில் நிதியமைச்சர் ப. சிதம்பரம் இடைக்கால பட்ஜெட்டில் ஐந்நூறு கோடி ஒதுக்கினார். அதே ஆண்டு ஜூலையில் புதிய நிதியமைச்சர் அருண் ஜேட்லி ஆயிரம் கோடி என்றார். ஏலம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, சரக்கு மட்டும் கைக்கு வரவில்லை. 2015 ஜூனில் எங்கள் பெரியவர்கள் தில்லி ஜந்தர் மந்தரில் தர்ணாவில் உட்கார்ந்தார்கள். ஆகஸ்ட் 14 அன்று போலீஸ் வந்து அவர்களை அப்புறப்படுத்தப் பார்த்தது. மறுநாள் சுதந்திர தினமல்லவா, பாதுகாப்பு ஏற்பாடாம். யாரிடமிருந்து யாருக்குப் பாதுகாப்பு என்று பதக்கம் குத்திய கிழவர்களுக்குப் புரியவில்லை.

செப்டம்பர் 5 அன்று பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் திட்டத்தை அறிவித்தார், நவம்பர் 7-இல் உத்தரவு வந்தது. 2014 ஜூலை 1 முதல் அமல். கணக்கு 2013-இல் ஓய்வுபெற்றவர்களின் சராசரிப்படி. மறுநிர்ணயம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை. நாங்கள் கேட்டது தானாக வரும் உயர்வு, வந்தது தவணை முறைச் சமத்துவம். அதாவது இரண்டு ஹவில்தார்கள் ஒருநாள் சமம். மறுநாள் தொடங்கி ஐந்து வருஷத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சமமில்லாமல் போகலாம். பிறகு மறுபடி சமம். இந்தக் கொள்கையில் அரசியல் சாசனக் குறை எதுவுமில்லை என்று 2022 மார்ச் 16-இல் உச்சநீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதை மதிக்கிறேன். அதே தீர்ப்பு, 2019 ஜூலையில் செய்திருக்கவேண்டிய மறுநிர்ணயத்தைச் செய்து மூன்று மாதத்தில் நிலுவையைக் கொடு என்றும் சொன்னது. இந்தப் பகுதியைத் தாங்கள் எவ்வளவு மதித்தீர்கள் என்பதுதான் கதை.

மூன்று மாதம் ஓடியது, அவகாசம் கேட்டீர்கள். டிசம்பர் 23-இல் அமைச்சரவை ஒப்புதல் வந்தது: 25 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பயன், நிலுவை மட்டும் 23,638 கோடி ரூபாய். 2023 ஜனவரியில் நிலுவையை நான்கு தவணையாகத்தான் தருவோம் என்று தாங்களே ஒரு கடிதம் போட்டீர்கள். சட்டத்தைக் கையில் எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று நீதிமன்றம் கண்டித்தது. பிறகு மூடிய உறையில் ஒரு குறிப்பை நீட்டினீர்கள், அதை வாங்க மறுத்துவிட்டது. கடைசியில் கால அட்டவணையை நீதிபதிகளே போட்டுக் கொடுத்தார்கள்: குடும்ப ஓய்வூதியர்களுக்கும் வீரப்பதக்கம் பெற்றவர்களுக்கும் ஏப்ரல் 30, எழுபது தாண்டியவர்களுக்கு ஜூன் 30, மற்றவர்களுக்கு மூன்று தவணை, 2024 பிப்ரவரி 28-க்குள். 2023-இல் அறுபத்தொன்பது வயதில் இருந்தவர்கள்தான் பாவம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் ஒரு வயதைக் கூட்டிப் போட்டிருக்கக்கூடாதா என்று ஏங்கியிருப்பார்கள்.

இன்னொரு சிறு சந்தேகம். ராணுவப் பணிச் சம்பளம் என்று ஒன்று தருகிறீர்கள், ஓய்வூதியக் கணக்கிலும் அது சேரும். படை வாழ்க்கையின் கஷ்டத்துக்கு ஈடு என்கிறீர்கள். ஏழாவது ஊதியக் குழுப்படி அதிகாரிக்கு மாதம் 15,500 ரூபாய், ஜவானுக்கு 5,200. சியாச்சின் குளிர் ரேங்க் பார்த்துத்தான் எலும்பில் இறங்குகிறது என்று தெரியாமலே சர்வீஸை முடித்துவிட்டேன். சொல்லியிருந்தால் குளிரில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் நடுங்கியிருப்பேன்.

எங்கள் பணம் வருஷக்கணக்கில் தாமதித்தாலும் ஒரு விஷயத்தில் தங்கள் தரப்பு தவறுவதே இல்லை. வருஷா வருஷம் உயிரோடு இருக்கிறாயா என்று கேட்டுவிடுகிறீர்கள். விரல் ரேகை தேய்ந்துபோன கிழவன் மெஷினில் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்து, ஆம் ஐயா, இருக்கிறேன் என்று நிரூபிக்கிறான். சொந்த மகன்கூட இத்தனை தவறாமல் விசாரிப்பதில்லை.

நிற்க. 2024 ஜூலை 1-ஐ வைத்து மூன்றாவது முறை நிர்ணயம் செய்திருக்கிறீர்கள். அதில் இருக்கும் முரண்பாடுகளைச் சொல்லி எங்கள் ஆட்கள் இன்னொரு மனு தயாரித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் கையெழுத்துப் போடும் முன் தங்கள் தொலைநோக்கைப் பாராட்டிவிடுகிறேன். இந்த ஐம்பது வருஷச் சண்டையை முடிக்கும் வழியை 2022 ஜூன் மாதமே அக்னிபத் என்ற பெயரில் கண்டுபிடித்துவிட்டீர்கள். நாலு வருஷ வேலை, கையில் 11.71 லட்சம், நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் வீட்டுக்கு. அவர்களுக்கு ஓய்வூதியமே கிடையாது. எந்த வருஷம் வெளியே வந்தாலும் எல்லோருக்கும் ஒரே தொகை, பூஜ்யம். கோஷியாரி குழுவின் இலக்கணத்துக்கு இதைவிடப் பொருத்தமாக ஒரு திட்டம் வாய்க்காது. நிலுவையும் சேராது.

தெருவில் ஒரு பையன் செலக்‌ஷனுக்காகத் தினமும் காலையில் ஓடுகிறான். பட்டாளத்தில் சேர்ந்தால் என்ன கிடைக்கும் மாமா என்று என்னிடம் கேட்டான். தங்கள் துறையின் முகவரியைக் கொடுத்திருக்கிறேன். அவன் கடிதம் வந்தால் தயவுசெய்து மூடிய உறையில் பதில் அனுப்பவேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஹவில்தார் (ஓய்வு).

இணைப்பு: உயிர்வாழ் சான்று – நகல் 1.