சரிக்குச் சரி

எங்கள் பக்கம் ஒரு ஆளை எடைபோட அவன் வேலை, சம்பளம், கார் எல்லாம் அப்புறம்தான். செய்முறை தெரிந்தவனா, தெரியாதவனா? அதுதான் முதல் கேள்வி. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுவீடு, கேதம், கோயில் வரி என்று சுற்றிவரும் இந்த வட்டத்தில் யாருக்கு எவ்வளவு செய்யவேண்டும், எதை வாய்விட்டுச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பது சின்னமனூர், உத்தமபாளையம் பக்கத்துக் கிராமங்களில் பத்தாவது படிக்கிற பையனுக்கே அத்துபடி. ஐம்பதை நெருங்கும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பிழைப்புக்காக மதுரைக்குப் போய்விட்டதைச் சாக்காகச் சொல்லிப் பார்த்தேன். “மும்பையில முறுக்குப் போடுறவன் ஒழுங்கா வந்து செஞ்சுட்டுப் போறான்” என்றார் பெரியப்பா. பேச்சு அதோடு முடிந்தது.

ஊரில் நாங்கள் வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது மாமன் முறைக்காரர் ஒருவர் இரண்டாயிரம் ரூபாய் மொய் எழுதியிருந்தார். பின்னால் அவர் பேரனுக்குக் காதணி விழா வந்தது. நான் பொறுப்பாக மொய் நோட்டைப் புரட்டி, அவர் பெயரைக் கண்டுபிடித்து, அதே இரண்டாயிரத்தை நாணயம் ஒட்டிய கவரில் போட்டு எழுதிவிட்டு வந்தேன். வாங்கியதைப் பைசா குறையாமல் திருப்பிவிட்ட பெருமிதத்தில் கிடாக்கறிச் சாப்பாடுகூட அன்று கூடுதலாக இறங்கியது. அடுத்த வாரம் என் மனைவியை அவர் சந்தையில் பார்த்திருக்கிறார். “என்னத்தா, உங்க வீட்டுக்காரரு எங்க கணக்க முடிச்சுட்டாரு போல?”

சரிக்குச் சரி செய்வது உறவை வெட்டிக்கொள்கிறவர்கள் செய்கிற வேலை. வாங்கியதற்கு மேல் ஐந்நூறோ ஆயிரமோ கூட்டிப் போட்டால், அந்தக் கூடுதல் அவர் தலையில் ஏறும். அவர் அதற்கு மேல் கூட்டி என் தலையில் ஏற்றுவார். யாராவது ஒருவர் மற்றவருக்குக் கடன்பட்டே இருக்கவேண்டும். இரண்டு பக்கமும் பாக்கி இல்லை என்றால் அடுத்த தேவைக்குப் பத்திரிகை வைக்க என்ன காரணம் இருக்கிறது?

இதில் நான் வெட்கப்படவேண்டிய இடம் வேறு. இதையெல்லாம் புத்தகத்தில் முன்பே படித்தவன் நான். பசிபிக் கடலில் மெலனீசியத் தீவுக் கிராமங்களின் கொடுக்கல் வாங்கலைப் பற்றி அலுவலக மதியச் சாப்பாட்டில் பிரசங்கமே செய்திருக்கிறேன். டிரோப்ரியாண்ட் தீவுகளில் சங்கு வளையல் ஒரு திசையிலும் சிப்பி மாலை எதிர்த்திசையிலும் தீவு தீவாகப் படகில் சுற்றும். யாரும் அதைப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொள்ளக்கூடாது. மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி 1922இல் வெளியிட்ட நூலில் இதை விவரித்தார். பாப்புவா நியூகினியின் மலைப்பகுதியான மவுண்ட் ஹாகனில் ‘மோக்கா’ என்றொரு முறை உண்டு. அங்கே சரக்கு பன்றி. வாங்கியதற்கு மேல் எத்தனை பன்றி கூடுதலாகக் கொடுத்தான் என்பதை வைத்துத்தான் ஒருவனுடைய பெயர் ஊரில் நிற்கும். ஓங்கா என்ற தலைவர் 600 பன்றி, மாடுகள், மோட்டார் சைக்கிள், ஒரு டிரக் என்று வாரிக் கொடுத்து, கொடுத்தே உங்களை வீழ்த்திவிட்டேன் என்று மார்தட்டியது 1974இல் ஆவணப்படமாகவே வந்தது. அவரை உசிலம்பட்டியில் ஒரு இல்ல விழா மேடையில் ஏற்றினால் மைக் பிடிப்பதற்குப் பயிற்சி எதுவும் தேவைப்படாது.

மலினோவ்ஸ்கி போன்றோர் கொண்டுவந்த செய்திகளை வைத்துத்தான் பாரிஸில் மார்செல் மோஸ் கொடை பற்றிய தன் புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். அவருடைய மாணவர் லூயி துய்மோன் 1949–50இல் மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் ஊர்களில் தங்கி, சம்பந்தி வீடுகளுக்கு நடுவே சீரும் எதிர்ச்சீரும் தலைமுறை தாண்டி எப்படிப் போய்வருகின்றன என்று பார்த்து, 1957இல் பிரெஞ்சில் பெரிய நூலாக எழுதினார். அங்கிருந்து கணவாயைத் தாண்டினால் எங்கள் ஆண்டிபட்டி. பிரான்சிலிருந்து வந்தவருக்குப் புரிந்தது, நோட்டைப் புரட்டி இரண்டாயிரம் எழுதிய எனக்குப் புரியவில்லை.

சரி, அடுத்த முறை கூட்டியே போட்டேன். அதுவும் வீணாயிற்று. மண்டபத்தில் மொய் மேசையை ஊர்வாரியாகப் பிரித்துப் போட்டிருந்தார்கள். கணினியில் தட்டி ரசீது கொடுத்த பையன் “ஊரு?” என்றான். வாய் தவறி “மதுரை” என்றேன். பெயர் கேட்டான், ஆதாரில் உள்ளபடி தலைப்பெழுத்தோடு சொன்னேன். பட்டப்பெயர் கேட்டான். கவுரவம் தடுத்தது, “அதெல்லாம் வேண்டாம் தம்பி.” எங்கள் தாத்தாவின் அப்பா பரணில் நெல் போட்டு வைத்திருந்தவராம், அதனால் நாலு தலைமுறையாக நாங்கள் பரண் வீட்டார். என் முழுப்பெயர் ஊரில் தபால்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது. விழா வீட்டார் இரவு எங்கள் ஊர்ப் பட்டியலைப் பார்த்திருக்கிறார்கள். பரண் வீடு அதில் இல்லை. வந்து சாப்பிட்டுவிட்டு மொய் எழுதாமல் போனவன் என்று ஒரு மாதம் என் பெயர் ஓடியது. கடைசியில் என் அக்கா ரசீதைக் கையோடு கொண்டுபோய்க் காட்டித் துடைத்தாள்.

கோயில் வரி விஷயத்தில் நேர் எதிர்த் தப்பு. சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா என்றால் மாவட்டமே அங்கே தீச்சட்டியோடு நிற்கும். அந்தக் கூட்டத்தில் யார் வந்தார், யார் வரவில்லை என்று எவரும் எண்ணமாட்டார்கள். ஊர்ப் பொங்கல் அப்படி இல்லை. அங்கே தலைக்கட்டு வரி. சாவடியில் நோட்டோடு உட்கார்ந்திருந்தவர்களிடம், வெளியூரில் சம்பாதிக்கிறவன் என்ற மிதப்பில், ஐந்து மடங்கு நீட்டினேன். பெரியவர் ஒருவர் வரியை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தார். “இதுல எல்லாத் தலைக்கட்டும் ஒண்ணுதேன் தம்பி. மிச்சத்த நன்கொடைச் சீட்டுல போடு, அதுக்கு வேற மேசை.” மொய்யில் கூட்டாமல் விட்டேன், வரியில் கூட்டிப் போட்டேன். பின்னால் வரிசையில் நின்ற என் மச்சான் சத்தமில்லாமல் சிரித்தது முதுகில் தெரிந்தது.

கேதத்தில் செய்ததைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். “எத்தனை மணிக்கு எடுக்குறாக?” என்று போனில் கேட்டு, அதற்குப் பத்து நிமிடம் முன்னால் காரில் போய் இறங்கினேன். கம்பம்மெட்டு ஏறி இடுக்கி ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகிறவர்கள் அன்றைய கூலியை விட்டுவிட்டுக் காலையிலேயே வந்து பந்தலடியில் உட்கார்ந்திருந்தார்கள். போதாதென்று, கிளம்பும்போது நகரத்து மரியாதை நாக்கில் வந்து உட்கார்ந்துகொண்டது: “அப்ப போயிட்டு வர்றேன் அத்தை.” இழவு வீட்டில். அத்தை அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

திருந்தினேனா என்றால், ஜனவரி 15 அன்று நடந்ததையும் சொல்லவேண்டும். 1841இல் அந்த நாளில் பிறந்த பென்னிகுயிக்குக்கு எங்கள் பள்ளத்தாக்கு இன்னும் பொங்கல் வைக்கிறது. அவர் கட்டிய, 1895இல் திறந்த முல்லைப் பெரியாறு அணைத் தண்ணீரில்தான் கூடலூர் தொடங்கி இங்கே இருபோகம் நெல் விளைகிறது, 14,707 ஏக்கர். லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகையில் படம் போடுவார்கள், பிள்ளைக்குப் பெயர் வைப்பார்கள். பானை பொங்கும் நேரம் பார்த்து நான், அணை சென்னை மாகாண அரசின் செலவில் கட்டப்பட்டது, அவர் சொத்தை விற்றுக் கட்டினார் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று ஆரம்பித்தேன். பெரியப்பா கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னார்: “அவரு எங்களுக்கு எழுதுன மொய்யி தம்பி இது. எதிர்மொய் எழுத ஆளு இல்ல. பொங்கலாச்சும் வைக்கிறோம், நீ செத்த தள்ளி நில்லு.” தள்ளி நின்றேன். பொங்கல் மட்டும் வாங்கிக்கொண்டேன்.

நீங்கள் எங்கள் பக்கம் ஒரு தேவைக்கு வருவதாக இருந்தால் சில விஷயங்களை மறக்காதீர்கள். மொய் மேசையில் ஊரையும் பட்டப்பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். வாங்கியதற்கு மேல் நூறு ரூபாயாவது கூட்டிப் போடுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அவசரம் என்று சாப்பிடாமல் மட்டும் கிளம்பிவிடாதீர்கள். அதற்கு இன்னொரு தடவை வீடு தேடிப் போய்ச் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும்.