ஏமாறாமை சாஸ்திரம்: நாக்சோஸ் தீவை முன்னிட்டு ஒரு விசாரணை

அரசாங்கப் பணத்தை அதிகாரிகள் கையாடும் வழிகள் 40 என்று அர்த்தசாஸ்திரம் எண்ணி வைத்திருக்கிறது. பிரயாணியின் பணத்தைப் பிறர் கையாடும் வழிகள் எத்தனை என்பதை அந்நூல் சொல்லாமல் விட்டதற்குக் காரணம் கௌடில்யரின் மறதியன்று. அவர் கிரேக்கத் தீவுகளுக்குச் சுற்றுலா போனதில்லை என்பதே. அந்தக் குறையை நிவர்த்தி செய்யும் உத்தேசத்துடன், ஒரு குடை, ஒரு சொற்கையேடு, எவரையும் நம்புவதில்லை என்ற சங்கற்பம் ஆகிய மூன்று உபகரணங்களோடு, ஒரு ஜனவரி மாதத்தில் ஏதென்ஸின் துறைமுகமாகிய பிரேயஸில் கப்பலேறி, ஐந்தாறு மணி நேரம் குலுங்கிய பிறகு, நாக்சோஸ் தீவில் இறங்கினேன்.

ஜூலையை விட்டு ஜனவரியைத் தேர்ந்தது ஏன் என்ற ஆட்சேபம் எழலாம். கோடையில் அத்தீவுகளில் ஏமாற்றுவோரும் ஏமாறுவோரும் தேர்த்திருவிழாக் கூட்டம்போல் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நிற்பார்களாதலால், எந்தப் பையிலிருந்து எந்தப் பைக்குப் பணம் போயிற்று என்று பிரித்தறிவது தேவர்களுக்கும் அசாத்தியம். குளிர்காலத்திலோ, கடற்கரை ஓட்டல்களில் பெரும்பாலானவை கதவைச் சாத்திவிட, நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்ந்து கித்தான் போர்த்திக் கிடக்க, சாலையில் பூனைகளும் ஆராய்ச்சியாளனும் மட்டுமே உலாவும்படி நேர்வதால், ஏமாற்று என்னும் பதார்த்தத்தைக் கலப்பில்லாமல் தனியே பரிசோதிக்கலாம். தவிரவும், ஆயிரம் பிரயாணிகள் உள்ள ஊரில் ஏமாற்று ஆயிரம் பேருக்குப் பங்காகிறது; ஒரே பிரயாணி உள்ள ஊரில் அது முழுவதும் அவன் ஒருவனுக்கே பாத்தியம் என்பது கணித நியாயம்.

ஸ்தல புராணமும் இந்த ஆராய்ச்சிக்கு அனுகூலமாகவே இருக்கிறது. கிரீட் தீவின் இளவரசி அரியாத்னே, எருதுத்தலை அரக்கன் வசித்த சுழல்மாளிகையிலிருந்து தீசியஸ் என்னும் வீரன் வெளியேறுவதற்கு நூலுருண்டை கொடுத்து உதவினாள். அவனோ தன்னோடு அவளைக் கப்பலேற்றிக்கொண்டு புறப்பட்டு, நடுவழியில் நாக்சோஸில் அவள் உறங்கும்போது விட்டுவிட்டு நங்கூரத்தைத் தூக்கினான். சேருமிடம் ஒன்று, இறக்கிவிடும் இடம் மற்றொன்று என்னும் வகை மோசடிக்கு இதுவே ஆதி உதாரணம் என்பது என் துணிபு. துறைமுகத்தை ஒட்டிய சிறு திட்டில் நிற்கும் போர்த்தாரா என்ற சலவைக்கல் நிலைவாசலையும் இதனோடு சேர்க்கலாமா என்று யோசித்ததுண்டு. லிக்தாமிஸ் என்னும் ஆட்சியாளன் காலத்தில், கி.மு. 530 அளவில், தொடங்கிய கோயில் முற்றுப்பெறாமல் நின்றுவிட, சுமார் 6 மீட்டர் உயர வாசல் மட்டும் எஞ்சி, உள்ளே நுழைந்தவனையும் வெளியிலேயே நிறுத்துகிறது. ஆயினும் வாசலைக் காட்டி வீட்டுக்குப் பணம் வாங்குகிற குற்றம் அங்கே நிகழவில்லை. அதைப் பார்க்கக் கட்டணமே கிடையாது.

கிரேக்கர்கள் இத்துறையை அலட்சியம் செய்தவர்களல்லர். பண்டைய ஏதென்ஸில் சரக்கில் கலப்படம் இல்லாதிருக்கச் சந்தைக் கண்காணிகள் பதின்மர், நகரத்துக்கு ஐவரும் துறைமுகத்துக்கு ஐவருமாக, நியமிக்கப்பட்டதை அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் ஏதென்ஸ் அரசியல் நூல் கூறுகிறது. மீன் வியாபாரிகள் உட்கார்ந்து விற்கலாகாது, நின்றே விற்கவேண்டும் என்ற சட்டத்தை அலெக்ஸிஸ் என்ற நாடகாசிரியரின் பாத்திரம் ஒன்று வாயாரப் புகழ்கிறது. கால் கடுத்தால் விலை இறங்கும் என்ற சூட்சுமத்தை அந்நாட்டார் அன்றே கண்டிருக்கிறார்கள். நமக்கும் இதில் ஒரு பந்தம் உண்டு. நம் முசிறித் துறையில் சரக்கேற்றிச் சென்ற கப்பலைப் பற்றிய கி.பி. 2ஆம் நூற்றாண்டுக் கிரேக்க ஏடு ஒன்று கிடைத்திருக்கிறது. கப்பலின் பெயர் ஹெர்மபொல்லோன். ஹெர்மிஸ் வணிகருக்கும் திருடருக்கும் ஒருங்கே காவல் தெய்வம். பிறந்த அன்றே அப்பொல்லோவின் மாடுகளை ஓட்டிச் சென்றவன். களவு செய்தவனையும் பறிகொடுத்தவனையும் ஒரே பெயரில் சந்தி சேர்த்துக் கப்பலுக்குச் சூட்டி நம்மிடம் மிளகு வாங்க அனுப்பியவர்களுடைய மனத்தெளிவை என்னென்பது!

இனி இலக்கணம். ஏமாற்றாவது யாதெனின், விலை அறியாதவன் விலை அறிந்தவனுக்குக் கேளாமல் செலுத்தும் தட்சிணையாம். இச்சூத்திரத்தில் ‘கேளாமல்’ என்னும் சொல்லே உயிர். கேட்டபின் செலுத்தினால் அது விலை. அதனை அறிவதற்குரிய பிரமாணங்கள் காட்சி, அனுமானம், ஆகமம் என மூன்று.

காட்சியாவது கண்ணால் கண்டு கொள்வது. அந்நாட்டு உணவு விடுதிகளில் முழு மீனுக்கு எழுதியிருக்கும் விலை பெரும்பாலும் ஒரு கிலோவுக்கு உரியது, தட்டுக்கு உரியதன்று. ஆகையால் சமைப்பதற்கு முன்னரே மீனைத் தராசில் வைக்கச் சொல்லி முள்ளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வாடகைக் காரின் கீறல்களைச் சாவி வாங்குமுன் புகைப்படம் எடுத்துக்கொள்வதும், கோடைப் படத்தைக் காட்டி வாடகைக்கு விடும் அறையில் கணப்பு உண்டா, அதற்குத் தனிக் கட்டணமா என்று முன்பணத்துக்கு முன்பே விசாரிப்பதும் இதன்பாற்படும். ஆனால் காட்சி மட்டும் போதாதென்பதற்கு என் அநுபவமே சாட்சி. மலைக்கிராமமான ஹல்கிக்கு டாக்ஸியில் போகையில், ஊர் எல்லை கடந்ததும் மீட்டரில் ஒன்று என்றிருந்த எண் இரண்டாக மாறக் கண்டு, ‘பிடித்தேன் திருடனை’ என்று உள்ளம் பூரித்து, வண்டியை நிறுத்தும்படி குடைப்பிடியால் முன்னிருக்கையைத் தட்டினேன். ஓட்டுநர் பதற்றமின்றி ஓரமாக நிறுத்தி, கண்ணாடியருகே ஒட்டியிருந்த கட்டண அட்டையைச் சுட்டினார். ஊருக்கு வெளியே செல்லும்போதும், நள்ளிரவு முதல் காலை 5 மணி வரையிலும் இரண்டாம் விகிதமே முறை. கயிற்றைப் பாம்பென்று கண்டவன் உலகில் பலர். கயிற்றைக் குடையால் அடித்தவன் நான் ஒருவனே.

அனுமானமாவது புகையைக் கண்டு நெருப்பை அறிவது. ஏஜியன் கடலில் காற்று பியூஃபோர்ட் அளவையில் எட்டைத் தொட்டால் துறைமுக அதிகாரிகள் கப்பல்களைக் கட்டிப்போட்டுவிடுவது வழக்கம். (அவ்வாறு நின்றுபோன கப்பலுக்குப் பணத்தைத் திரும்பப் பெறவோ, மாற்றுப் பயணம் கேட்கவோ பிரயாணிக்கு உரிமை உண்டு; காற்றின்மீது வழக்குத் தொடர உரிமை இல்லை.) மூன்று நாளாகக் காற்று அடங்கவில்லை, படகுகள் கரையில் முட்டி மோதிக்கொண்டு கிடந்தன, கப்பலும் வரவில்லை. ஆகவே இன்று எவரேனும் இன்றைய மீன் என்று சொன்னால் அது பொய், குளிர்ப்பெட்டியில் உறைந்ததே மெய்; அத்தகைய பண்டத்தை உணவுப் பட்டியலில் நட்சத்திரக் குறியிட்டுக் காட்டவேண்டும் என்பது அங்குள்ள விதி. இந்த அனுமானத்தை ஐந்து அவயவங்களோடும் ஒரு விடுதிக்காரரிடம் கால் மணி நேரம் எடுத்துரைத்தேன். அவர் முழுதும் கேட்டுத் தலையசைத்து, “மெய்தான் ஐயா, அதனால்தான் நீங்கள் நுழைந்ததும் கொண்டைக்கடலைக் குழம்பு சாப்பிடச் சொன்னேன்” என்றார். நானோ விலைபோகாத சரக்கைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்றெண்ணி, அந்தக் குழம்பைத்தான் முதலில் மறுத்திருந்தேன்.

மூன்றாவது ஆகமம். கிரேக்க நாட்டுக் கடைகளில், உரிய ரசீதைப் பெறாத வாடிக்கையாளர் பணம் செலுத்தக் கடமைப்பட்டவரல்லர் என்றொரு வாக்கியம் எழுதித் தொங்குவதைக் காணலாம். சட்டம் விதித்த இவ்வாக்கியத்தை இச்சாஸ்திரத்தின் மகாவாக்கியம் எனலாம். ரசீதுக்கு அவர்கள் வழங்கும் சொல் அபோதிக்ஸி. அரிஸ்டாட்டில் தர்க்க நூலில் நிரூபணத்துக்கு வழங்கிய சொல்லும் அதுவேயாம். தர்க்கவாதியிடம் கேட்கும் சான்றையும் காப்பிக்கடைக்காரரிடம் கேட்கும் சான்றையும் ஒரே சொல்லில் அடக்கிய மொழியில், நிரூபிக்கப்படாத காப்பிக்குப் பணம் இல்லை என்பது சட்டம் மட்டுமன்று, தத்துவமும் ஆகும். நான் அரை லிட்டர் தண்ணீருக்கும் ரசீது வாங்கி, நாள்வாரியாக அடுக்கி, கயிறு கட்டி வைத்தேன்.

ஆராய்ச்சியின் கடைசி இரவில், மழை பிடித்துக்கொண்டபடியால், திறந்திருந்த ஒரே காப்பிக்கடைக்குள் புகுந்தேன். கணப்பின் அருகே இரு கிழவர்கள் சொக்கட்டான் போன்ற தாவ்லி என்னும் ஆட்டத்தில் மூழ்கியிருந்தார்கள். ஒரு காப்பி கேட்டேன். காப்பியோடு, கேளாமலே, பட்டைப்பொடி தூவிய ஆரஞ்சுத் துண்டுகள் ஒரு தட்டிலும், நார்த்தை இனத்து மரத்தின் இலைகளைப் போட்டு வடிக்கும் கித்ரோன் என்னும் பச்சை மது ஒரு சிறு கிண்ணத்திலும் வந்தன. ‘கேளாமல்’ என்ற சொல்லைக் கண்முன் கண்ட எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என்ன விலை என்றேன். கடைக்காரப் பெரியவர், “கெராஸ்மெனோ” என்றார். அது பண்டத்தின் பெயர் என்று கொண்டு, பட்டியலை முதலிலிருந்து கடைசிவரை விரலால் ஊன்றித் தேடினேன், இல்லை. பட்டியலில் இல்லாத பண்டமே அபாயங்களுள் தலையாயது என்று நானே எழுதியிருந்தேனாகையால், எழுந்து நின்று, “அபோதிக்ஸி!” என்றேன். காப்பிக்கு ஒரு துண்டுச் சீட்டு வந்தது. தட்டையும் கிண்ணத்தையும் காட்டி, இவற்றுக்கு எங்கே என்றேன். பெரியவர் தாவ்லி ஆடியவர்களுள் ஒருவரைத் திரும்பிப் பார்த்தார். கப்பல்களில் வேலை பார்த்து ஆங்கிலம் கற்ற அவர், காயைக் கையில் வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: “அவர் உங்களை உபசரிக்கிறார், ஐயா. வாங்காத பணத்துக்குச் சீட்டு எழுத அவருக்குத் தெரியாது.”

நான் உட்கார்ந்தேன். மழை விடும்வரை அந்த ஒரு காப்பிக்கு இரண்டு மணி நேரம் அவருடைய விறகில் குளிர் காய்ந்தேன் என்பதையும், அந்த விறகுக்கு என்னிடம் எவரும் ரசீது கேட்கவில்லை என்பதையும், சாஸ்திரத்தின் நேர்மையை முன்னிட்டு இங்கே பதிவு செய்கிறேன். உபசாரத்தை இந்நூலில் எந்தப் பிரகரணத்தில் வைப்பது என்பதுதான் தீரவில்லை. அபோதிக்ஸி இல்லாத பொருளை ஆராய்ச்சி ஏற்பதற்கில்லை. ரசீதுக் கட்டில் அதற்கு ஒரு சீட்டும் இல்லை. குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில், கிண்ணத்தை எடுத்து வைத்த இடத்தில், தேதியும் தொகையும் இல்லாமல் வட்டமாக ஒரு பச்சை அடையாளம் மட்டும் இருக்கிறது. அதைக் கறை என்று கொள்வதா, முத்திரை என்று கொள்வதா என்பது மேல் விசாரணைக்கு உரியது.