புரோட்டான் பேரைச் சொல்லி

ஏலே பேராண்டி, ஜெனீவாவுக்கு டிக்கெட் போட்டாச்சு, சந்தோசம். ஆனா பாக்குதவன்கிட்ட எல்லாம் "நாங்க புரோட்டானை மோதவிடுதோம்"னு நெஞ்சை நிமித்திக்கிட்டுத் திரியாதே. பாவம், நம்பிருவான். போன லீவுக்கு உன் கூட்டாளிங்ககூட நீ திண்ணையில அளந்ததை எல்லாம், காது மந்தம்னு சொல்லிக்கிட்டே நான் கேட்டுக்கிட்டுத்தாம்லே கெடந்தேன்.

புரோட்டானாம்! அது ரேஷன் கார்டுலே. கார்டுல மூணு பேரு: ரெண்டு 'அப்' குவார்க்கு, ஒரு 'டவுன்' குவார்க்கு. 1964-ல கெல்-மான் ஒரு பக்கம், ஸ்வைக் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்த கணக்கு. வீட்டுக்குள்ள எட்டிப் பாத்தா கார்டுல பேரே இல்லாத, குவார்க்கை ஒட்டவைக்குத குளுவான் கூட்டம்! போதாததுக்கு குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் சோடி சோடியா வந்து தலையைக் காட்டிட்டு மறைஞ்சு போகுது. கார்டுல உள்ள மூணு பேரு எடையைக் கூட்டினா மொத்தத்துல நூத்துல ஒரு பங்குதான் தேறும். மிச்சமெல்லாம் உள்ள அலையுத அலைச்சலும் குளுவான் கட்டிப்போட்ட சக்தியும். சிவில் சப்ளை ஆபீசர் கேட்டா மயங்கி விழுந்திருவாரு.

இதை மோதவிட நீங்க படுத பாடு இருக்கே! பூமிக்குக் கீழ 27 கிலோமீட்டர் வட்டம், அதுல வளைச்சுத் திருப்ப 1,232 காந்தம், அதுக்கு மைனஸ் 271 டிகிரிக் குளிரு. புரோட்டானைக் கட்டுக் கட்டா ஓடவிடுதீங்க, கட்டுக்குப் பத்தாயிரம் கோடி, செகண்டுக்கு 11,000 சுத்து. ரெண்டு கட்டும் எதிரெதிரா வந்தா முட்டுதது 50, 60 தான். மத்ததெல்லாம் முகம் பாக்காம போயிருது. முட்டுனதுலயும் முழுசா எதுவும் முட்டலை. பெரும்பாலும் இதுல இருந்து ஒரு குளுவான், அதுல இருந்து ஒரு குளுவான். எந்தக் குளுவான் எம்புட்டுச் சக்தியைத் தூக்கிட்டு வரும்னு கேட்டா முழிப்பே, சராசரி சொல்லுவே.

2012 ஜூலை 4-ஆம் தேதி ஹிக்ஸ் துகள் கெடைச்சுதுன்னு கைதட்டுனீங்கள்லா? அந்த வருசம் மோதல் ஒண்ணுக்கு 8,000 கிகா எலக்ட்ரான்வோல்ட் போட்டு, ஹிக்ஸாத் தேறுனது 125. பெறந்த ஹிக்ஸுலயும் முக்காவாசிக்கு மேல ரெண்டு குளுவான் முட்டிப் பெத்த பிள்ளை. மறு வருசம் நோபல் ஹிக்ஸுக்கும் எங்லேருக்கும். பாடுபட்ட குளுவானுக்கு ஒரு துண்டாவது போத்துனீங்களாலே?

சரி, தனியா ஒரு குவார்க்கைப் பிடிச்சுக் காட்டுன்னு யாராவது கேட்டான்னு வையி, அங்கதான் உன் வாய் அடைச்சிரும். பக்கத்துல இருக்கும்போது அதுங்க பாட்டுக்கு லேசாத் திரியும். விலக்கி இழுத்தாத்தான் பிடி விடாது. இன்னும் பலமா இழுத்து அறுத்தா, அத்த இடத்துல புதுசா ஒரு சோடி பெறந்து ஒட்டிக்கிடும். கடைசியில உன் கருவியில விழுகுதது ஒரே பக்கமாத் தெறிக்குத துகள் கத்தை. அதுக்கு ஜெட்டுன்னு பேரு. 1979-ல ஹாம்பர்க்குல மூணு ஜெட்டாத் தெறிச்சதை வச்சுத்தான் குளுவான் ஒண்ணு உண்டுன்னே ஊரு ஒத்துக்கிட்டு. ஆளை யாரும் பாக்கலை, தெறிச்ச தடத்தைத்தான் பாத்தது. ஆகையினால யார் கேட்டாலும் "எது எதோட முட்டுச்சுன்னு தெரியாது, கணக்குப் போட்டுச் சொல்லுதேன்"னு மட்டும் சொல்லு. மரியாதை மிஞ்சும்.

இன்னொண்ணு. 2016 ஏப்ரல்ல மரநாய் சாதிச் சீவன் ஒண்ணு 66,000 வோல்ட் டிரான்ஸ்பார்மருல போய் ஏறி, அம்புட்டு எந்திரமும் நின்னுபோச்சாம்லே. அங்க குளுவானுக்கு ஆளு நெறைய இருக்காங்க, வேலி பாக்கத்தான் ஆளு பத்தலை போல. ஆளு எடுத்தாங்கன்னா எம்பேரைச் சொல்லு. குளிருன்னு உங்க ஆச்சிதான் விடமாட்டா.