ஸ்டீயரிங் அசையாத வரை

ஐஎஸ்ஓ 14001 என்றொரு சர்வதேசத் தரநிலை. சுற்றுச்சூழல் பாதிப்பைக் குறைக்கத் திட்டமிட்டு, செய்து, சரிபார்த்து, திருத்தச் சொல்லும். எவ்வளவு புகை விடலாம் என்று மட்டும் அது வரம்பு வைக்காது. இலக்கை நிறுவனமே வைத்துக்கொள்ளலாம். என்ன பெருந்தன்மை! மாணவனே வினாத்தாள் எழுதும் பரீட்சை.

இதில் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் முதல் பெஞ்ச். ஆலைகளில் சான்றிதழுக்குக் குறைவில்லை. 2009க்கான பசுமைக் கார் விருதை அமெரிக்காவில் அதன் ஜெட்டா டீசல் வாங்கியது. 2015 செப்டம்பரில் டவ் ஜோன்ஸ் நிலைத்தன்மைக் குறியீடு, கார் தொழிலில் அதற்கே முதலிடம் தந்தது.

அந்த டீசல் காருக்குத்தான், உள்ளே இருந்த மென்பொருளால், என்ன புத்தி! சக்கரம் சுழல்கிறது, ஸ்டீயரிங் அசையவில்லை. ஓகோ, ஆய்வுக்கூடம்! உடனே மூச்சை அடக்கிக்கொள்ளும். ரோட்டுக்கு வந்ததும் தாராளமாக விடும்: நைட்ரஜன் ஆக்சைடு, வரம்பைப் போல் 40 மடங்கு வரை. இன்ஸ்பெக்‌ஷன் அன்று மட்டும் வகுப்பறையைப் பெருக்க வைக்கும் தலைமையாசிரியர்கள் இந்தக் காரைக் கட்டித் தழுவுவார்கள்.

திருத்திய ஐஎஸ்ஓ 14001 வெளியானது 2015 செப்டம்பர் 15. இந்தத் தில்லுமுல்லுக்காக ஃபோக்ஸ்வாகனுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நோட்டீஸ் கொடுத்தது செப்டம்பர் 18. மையாவது காய்ந்திருக்குமா?

காட்டிக்கொடுத்தவர்கள் விரோதிகளும் இல்லை. அமெரிக்காவில் ஓடும் டீசல் கார் எவ்வளவு சுத்தம் பாருங்கள் என்று ஐரோப்பாவுக்குக் காட்ட ஆசைப்பட்டுத்தான் குட்டை உடைத்த சோதனையே தொடங்கியது. வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தார் கருவியைக் காரில் ஏற்றி ரோட்டில் ஓட்டினார்கள்.

அந்த மென்பொருள் இருந்த கார்கள், உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம். விருது கொடுத்த பத்திரிகை அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது. புகையை யாரும் கேட்கவில்லை.